சிங்கிள் டேக் மியூசிக் வீடியோ: பாட்டை அளப்பதிலிருந்து கடைசி டேக் வரை

ஒரே டேக்கில், அதாவது நடுவில் கட் இல்லாமல், மியூசிக் வீடியோ எடுக்கப்போகிறேன் என்பவர்கள் அடுத்த மூச்சிலேயே கிம்பலை (கேமராவைக் குலுங்காமல் தாங்கும் கருவி) பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். கிம்பல் வாடகைக்குக் கிடைக்கும், அது பிரச்சினையே இல்லை. முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி வேறு. மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் சொதப்பிவிட்டால், எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து மறுபடி ‘ஆக்‌ஷன்’ சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? 3 நிமிடமா, 45 நிமிடமா? கதை, லொகேஷன், உடை, ஆள் எண்ணிக்கை எல்லாம் அந்த விடையைப் பொறுத்தே அமையும்.

சினிமாவில் வரும் நீண்ட ஷாட்டிலிருந்து இது ஒரு விஷயத்தில் மாறுபடுகிறது. அங்கே நடிகர் இரண்டு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால் கேமராவும் காத்திருக்கலாம். இங்கே பாட்டு யாருக்காகவும் நிற்காது. அதே பாட்டுதான் பெரிய உதவியும்கூட. நடிப்பவர், கேமராக்காரர், விளக்கு அணைப்பவர் எல்லோர் காதிலும் ஒரே கடிகாரம் ஓடுகிறது. ஸ்பாட்டில் பதிவாகும் ஒலி வீடியோவில் வரப்போவதில்லை என்பதால் டேக் ஓடும்போதே இயக்குநர் கத்தி வழிநடத்தலாம்.

படி 1: ஒரு வரியில் அடங்கும் யோசனை

1965-ல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நின்று, பாட்டின் சொற்களை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். கேமரா கிட்டத்தட்ட அசையவே இல்லை. 1991-ல் பிரிட்டிஷ் இசைக்குழு மாஸிவ் அட்டாக்கின் ‘அன்ஃபினிஷ்ட் சிம்பதி’ வீடியோவில் பாடகி ஷாரா நெல்சன் லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட் பிகோ சாலையில் பாடிக்கொண்டே நடக்கிறார், அவ்வளவுதான். 2006-ல் ஓகே கோ என்ற அமெரிக்க இசைக்குழுவினர் நால்வரும் எட்டு டிரெட்மில்கள்மேல் ஆடினார்கள். அங்கேயும் கேமரா ஓரிடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது. மூன்றில் இரண்டில் கேமரா நகரவில்லை என்பதையும் கவனியுங்கள். சிங்கிள் டேக் என்றாலே கேமரா ஓட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. நகராத கேமராவில் ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படத்தில் பதிவாகும் வெளிச்ச அளவு), குலுக்கல் என்ற மூன்று தலைவலிகள் ஒரேயடியாகப் போய்விடும். முதல் முயற்சி என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

பாட்டும் ஒத்துழைக்க வேண்டும். வழக்கமான வீடியோவில் பல்லவி திரும்ப வரும்போது எடிட்டர் கட் போட்டு உற்சாகத்தைக் கூட்டுவார். உங்களிடம் கட் இல்லை. அந்த வேலையை தூரம் செய்ய வேண்டும் (முகத்துக்கு அருகிலிருந்து சட்டென்று பின்வாங்குவது), இல்லையென்றால் புதிதாக ஒருவர் ஃபிரேமுக்குள் வருவது, விளக்கு மாறுவது, கேமரா திரும்பி இதுவரை காட்டாத பக்கத்தைக் காட்டுவது. பாட்டை நான்கு முறை கேட்டு, இப்படி மாற்றம் கேட்கும் இடங்களைக் குறியுங்கள். ஆறேழு இடங்களாவது தேறாத பாட்டு, ஒரே சீராக ஓடும் பாட்டு. அதற்குத் தனியாக நடந்துபோகும் ஒருவரோ, அசையாத ஒரு முகமோ போதும்.

படி 2: பாட்டை மீட்டராக மாற்றுங்கள்

உங்கள் பாட்டு 3 நிமிடம் 30 விநாடி, அதாவது 210 விநாடி. வேகம் நிமிடத்துக்கு 96 பீட். நான்கு பீட் கொண்ட ஒரு பாருக்கு 2.5 விநாடி, மொத்தம் 84 பார். இந்த 84 கட்டங்களைக் காகிதத்தில் வரையுங்கள். மேல் வரிசையில் பாட்டின் சொற்கள், நடுவில் கேமரா எங்கே இருக்கிறது, கீழே ஃபிரேமுக்கு வெளியே யார் என்ன செய்கிறார்கள். மூன்றாவது வரிசையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாதி வேலை நடப்பது அங்கேதான்.

அடுத்தது தூரம். கேமராவோடு பின்னோக்கி நடப்பவர் நிதானமாகப் போனால் விநாடிக்கு முக்கால் மீட்டர் போவார். 210 விநாடியும் நடந்தால் ஏறக்குறைய 160 மீட்டர். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கட்டடத்தில் 160 மீட்டர் வழி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அப்போது நிற்கும் இடங்களையும், சுற்றி வரும் இடங்களையும், வந்த வழியே திரும்பும் இடங்களையும் சேர்க்க வேண்டும். திரும்பி வருவது லொகேஷன் செலவைப் பாதியாக்கும். முதல் முறை கடந்துபோன அறை, திரும்பும்போது வேறு மாதிரி மாறியிருந்தால் அதுவே பார்ப்பவருக்கு ஆச்சரியம். அதை மாற்ற எத்தனை பார் நேரம் இருக்கிறது என்பதை மூன்றாவது வரிசை சொல்லிவிடும்.

ஃபிரேமிலிருந்து வெளியேறி, கேமராவுக்குப் பின்னால் ஓடி, அடுத்த இடத்தில் முன்பே நிற்பது போல வரும் உத்தி எல்லோருக்கும் பிடிக்கும். ஓடும் நேரத்தோடு மூச்சு அடங்கும் நேரத்தையும் கூட்டுங்கள். உடையும் மாற்ற வேண்டுமென்றால் பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ, உதவிக்கு இரண்டு பேர், ஸ்டாப்வாட்ச் வைத்து ஒத்திகை. கணக்கில் 8 பார் வேண்டும் என்று வந்தால் 12 பார் கொடுங்கள்.

வேகத்தையும் உங்கள் வசத்துக்குக் கொண்டுவரலாம். கோல்ட்பிளே இசைக்குழுவின் ‘யெல்லோ’ (2000) விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுக்கப்பட்டது. குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் கடற்கரையில் இரட்டை வேகப் பாட்டுக்கு உதடசைத்தார். மெதுவாக ஓட்டியபோது உதடு பாட்டோடு பொருந்தியது, அலையும் நடையும் மட்டும் ஸ்லோ மோஷனில் தெரிந்தன. இதைத் தலைகீழாகவும் செய்யலாம். ஓகே கோவின் ‘ஐ வோன்ட் லெட் யூ டவுன்’ (2014) பாதி வேகப் பாட்டுக்கு ஆடி, பிறகு வேகமாக்கப்பட்டது. ஆடுபவர்களுக்கு யோசிக்க இரட்டிப்பு நேரம் கிடைத்தது. பாட்டை 10 சதவீதம் மெதுவாக்கி எடுத்தாலே நடனம் சுத்தமாகிவிடும். வேகத்தைக் கூட்டிய பிறகு பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

படி 3: எத்தனை இடத்தில் கெட்டுப்போகலாம்?

இந்தக் கணக்கைப் போடாமல் லொகேஷனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் திட்டத்தில் தவறக்கூடிய இடங்களை எண்ணுங்கள். பந்தைப் பிடிப்பது, கதவு சரியாகத் திறப்பது, விளக்கு பீட்டில் அணைவது, படியில் கேமரா இறங்குவது. மொத்தம் 20 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 95 முறை சரியாக நடக்கும் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 20-ம் ஒரே டேக்கில் சரியாக நடக்க வாய்ப்பு 36 சதவீதம்தான். அதே தரத்தில் 40 இடங்கள் இருந்தால் வாய்ப்பு 13 சதவீதம். சராசரியாக எட்டு டேக்குக்கு ஒன்று தேறும். டேக்குக்கு 4 நிமிடம், மீண்டும் அடுக்க 20 நிமிடம் என்றால், எட்டு டேக்குக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். மாலை வெளிச்சத்தை நம்பியிருந்தால் இந்தத் திட்டம் காகிதத்திலேயே செத்துவிட்டது.

20 இடங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் 99 சதவீதத்துக்குக் கொண்டுபோனால், மொத்த வாய்ப்பு 82 சதவீதமாகத் தாவுகிறது. புதிது புதிதாகச் சேர்ப்பதைவிட இருப்பதை உறுதியாக்குவது எவ்வளவு லாபம் என்று இதில் தெரியும். பந்தைப் பிடிக்க முடியாமல் போனால் அதைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு தொடரும்படி நடனத்தை அமைத்துவிட்டால், அந்த இடம் பட்டியலிலிருந்தே போய்விடுகிறது. தவறு நடந்தாலும் ஓடக்கூடிய டிசைன் என்பது இதுதான்.

வரிசையையும் இதே கண்ணோடு பாருங்கள். அடிக்கடி சொதப்பும் விஷயம் பாட்டின் முதல் முப்பது விநாடிக்குள் வரட்டும். அங்கே கெட்டால் உடனே நிறுத்தலாம், நேரமும் உழைப்பும் மிச்சம். கடைசியில் வர வேண்டியவை திரும்ப அடுக்க முடியாதவை: தண்ணீர், வண்ணப்பொடி, காகிதத் துகள், உடைகிற கண்ணாடி. ஒன்று ஒரே நேரத்தில் கடினமாகவும் அழுக்காகவும் இருந்தால் (தலையில் பெயின்ட் கொட்டி, அதே பீட்டில் ஒரு தாவல் என்பது போல) இரண்டாகப் பிரியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அப்படியும் வேண்டும் என்றால் ஆளுக்கு எத்தனை செட் உடை இருக்கிறதோ அத்தனை டேக்தான் உங்கள் கையில்.

கூட்டம் வைத்து எடுப்பது கடினம் என்று நினைக்கிறோம். உண்மையில் கூட்டம் தவறுகளை விழுங்கிக்கொள்ளும். 2011-ல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் ஏறத்தாழ 5,000 பேர் பங்கெடுத்த ஒரு லிப் டப் (ஓடும் பாட்டுக்கு எல்லோரும் உதடசைக்கும்) வீடியோ எடுத்தார்கள். அப்படிப்பட்ட வீடியோவில் ஒவ்வொரு குழுவுக்கும் தெரிய வேண்டியது தங்கள் முன்னால் கேமரா கடக்கும் சில விநாடிகள் மட்டும்தான். நூறு பேரில் ஒருவர் தப்பாக ஆடினால் யார் கண்ணிலும் படாது. நான்கு பேர் கச்சிதமாக ஆடும் இடத்தில் ஒரு கை தாழ்ந்தாலே டேக் போச்சு.

படி 4: கேமராவும் லென்ஸும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அகலமான லென்ஸ் குலுக்கலை மறைக்கும், ஃபோகஸைச் சுலபமாக்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸை எஃப் 8-ல் (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறிது) வைத்து, ஃபோகஸை 2.4 மீட்டரில் பூட்டினால், சுமார் 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாக இருக்கும். யாரும் ஃபோகஸைத் தொடவே வேண்டாம். வெளிச்சம் போதாமல் எஃப் 2-க்கு வந்தால் இந்த வசதி போய்விடும். அப்போது தூரத்திலிருந்தே ஃபோகஸை மாற்றும் வயர்லெஸ் ஃபாலோ ஃபோகஸும், அதை இயக்க அனுபவமுள்ள ஒரு ஃபோகஸ் புல்லரும் வேண்டும். முகத்தைத் தேடும் ஆட்டோஃபோகஸ் இன்றைக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரண்டு முகங்கள் குறுக்கே கடந்தால் எதைப் பிடிக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

கேமராவின் எடையைக் கையில் பிடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்தாவது டேக்கிலும் தோள் தாங்குமா என்பதுதான் கேள்வி. பின்னோக்கி நடக்கும் கேமராக்காரரின் இடுப்புப் பட்டையைப் பிடித்து வழிநடத்த ஒரு ஆள் கட்டாயம். படி, ஈரத்தரை, வயர் உள்ள இடங்களில் இது பாதுகாப்புக்கான ஏற்பாடு, இதில் பேரம் வேண்டாம்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கைபேசிகள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே ஏற்றி இறக்கும். முதல் பல்லவியில் பொருந்திய உதடு கடைசிச் சரணத்தில் விலகி நிற்கும். வேகத்தை நிலையாகப் பூட்டும் கேமரா ஆப் ஒன்றைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் அதிலேயே பூட்டலாம்.

படி 5: விளக்கை எங்கே ஒளிப்பது?

கேமரா எல்லாப் பக்கமும் திரும்பினால் ஸ்டாண்டில் விளக்கு நிறுத்த இடமே கிடையாது. வழிகள் மூன்று. காட்சிக்குள்ளேயே இருக்கும் விளக்குகளில் (மேசை விளக்கு, டியூப், கடை போர்டு) வெளிச்சம் கூடிய பல்புகளை மாட்டுவது. கூரையில் கட்டி, கேமராவை மேலே தூக்காமல் பார்த்துக்கொள்வது. சிறிய எல்இடி ஒன்றை ஒருவர் கையில் பிடித்துக் கேமராவோடு சேர்ந்து நடப்பது. மூன்றாவது வழியில் அவருடைய நிழலும் கூடவே நடக்கும், ரிகர்சலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளேயிருந்து வெளியே போகும் ஷாட்தான் எல்லோரையும் கவிழ்க்கிறது. அறைக்குச் சரியான எக்ஸ்போஷரில் வெளியே போனால் வானம் வெள்ளையாக எரிந்துபோகும். ஒருவர் ரிமோட்டில் ஐரிஸை (லென்ஸ் துவாரத்தை) மெல்ல மூடலாம். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் மாறும் என்டி ஃபில்டரைத் திருப்பலாம். கதவைக் கடக்கும் அந்த ஒரு விநாடியில் மாற்றத்தை முடித்துவிட்டால் கண் அதைக் கவனிக்காது. இன்னும் சுலபமான வழி, சூரியன் மறைந்த உடனே எடுப்பது. வானமும் அறை விளக்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும். ஆனால் அந்தப் பொழுது மிகக் குறுகியது. மீண்டும் அடுக்க 20 நிமிடம் ஆகும் திட்டத்தில் இரண்டாவது டேக்குக்கு வானம் கறுத்திருக்கும்.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. இல்லையென்றால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும்.

படி 6: பிளேபேக், எல்லோரும் கோட்டைவிடும் இடம்

நடிப்பவர்கள் கேட்டு உதடசைக்க ஸ்பாட்டில் ஓட்டும் பாட்டுதான் பிளேபேக். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 24 ஃபிரேமில் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு ஃபிரேமுக்குள் அது கடப்பது 14 மீட்டர். ஸ்பீக்கரிலிருந்து 45 மீட்டர் தள்ளிப் பாடுபவரின் உதடு மூன்று ஃபிரேம் பிந்தியிருக்கும். வழக்கமான வீடியோவில் எடிட்டர் ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியாக நகர்த்திப் பொருத்திவிடுவார். இங்கே இருப்பது ஒரே துண்டு. தொடக்கத்தைப் பொருத்தினால் முடிவு விலகும், முடிவைப் பொருத்தினால் தொடக்கம் விலகும்.

ஆகவே ஸ்பீக்கர் கேமராவோடு சேர்ந்து நகர வேண்டும். ஒருவர் அதைச் சுமந்து பின்னால் வரட்டும். வழியெங்கும் நிறைய ஸ்பீக்கர் வைத்தால் எதிரொலியில் யாருக்கும் பீட் பிடிபடாது. ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பிளேயரோடு வயரில் இணையுங்கள். ப்ளூடூத்தின் தாமதம் பல கருவிகளில் 100 மில்லிவிநாடியைத் தாண்டும், அதுவே இரண்டு ஃபிரேமுக்கு மேல்.

இரண்டாவதாக ஒரு வழிகாட்டி டிராக் தயாரியுங்கள். பாட்டுக்கு முன்னால் இரண்டு பார் எண்ணிக்கை, பிறகு பாட்டின்மேலேயே உங்கள் குரலில் பார் எண்ணும் குறிப்பும்: “பதினேழு, கதவு. பதினெட்டு. பத்தொன்பது, சிவப்பு விளக்கு.” இது காதுக்கருவி போட்ட உதவியாளர்களுக்கு மட்டும் கேட்கட்டும். வாக்கி-டாக்கியில் ஒவ்வொன்றாகக் கூவுவதைவிட இது எவ்வளவோ மேல். இயக்குநருக்கே பதற்றத்தில் குறிப்பு மறந்துபோகும். டிராக்குக்கு மறக்காது. கேமராவின் சொந்த மைக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அதில் விழும் பாட்டை வைத்துத்தான் எடிட்டில் பொருத்த வேண்டும்.

படி 7: ரிகர்சலைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் முதலிலிருந்து பழகுவதால் தொடக்கம் நூறு முறை ஓடியிருக்கும், முடிவு பத்து முறைதான். படப்பிடிப்பில் மூன்று நிமிடம் தாண்டிப் பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது வருவதோ பழக்கம் குறைந்த பகுதி. கடைசி 20 பாரை முதலில் பழகுங்கள். பிறகு அதற்கு முந்தைய 20-ஐச் சேர்த்து முடிவு வரை ஓடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வந்தால், போகப்போகப் பழகிய இடத்துக்குள் நுழைகிற தைரியம் எல்லோருக்கும் வரும்.

முதல் ஒத்திகைகளுக்கு நிஜக் கேமரா வேண்டாம். காலி மைதானத்தில் தரையில் டேப் ஒட்டி, சுவர்களைக் குறித்து, கைபேசியில் எடுத்து, அன்றைக்கே பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். சலிப்புத் தட்டும் இடம் அதிலேயே தெரியும். உடை, பொருள், லென்ஸ் எல்லாம் சேர்ந்த முழு ஒத்திகை லொகேஷனில் நடக்கட்டும். அப்போது மீண்டும் அடுக்குவதையும் ஒத்திகை பாருங்கள், யார் எதை எங்கே திருப்பி வைப்பது என்று பெயரோடு ஒரு பட்டியல் எழுதி, ஸ்டாப்வாட்ச் பிடித்து. 25 நிமிடம் ஆவது இரண்டாவது முறையிலேயே 12-க்கு வந்துவிடும். அன்றைய நாளில் உங்களுக்குக் கிடைக்கும் டேக்குகளின் எண்ணிக்கை அதனாலேயே ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

படி 8: படப்பிடிப்பு நாள்

முதல் இரண்டு மூன்று டேக்குகளை என்ன நடந்தாலும் நிறுத்தாதீர்கள். எல்லோருக்கும் முடிவு வரை போன அனுபவம் வேண்டும். அதன் பிறகு கடுமையாக இருங்கள். முதல் நிமிடத்தில் பெரிய தவறு என்றால் உடனே கட். ஆனால் ‘கட்’ சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டும். ஆடுபவர் தன் சின்னத் தவறுக்காகத் தானே நின்றுவிடுவதுதான் நல்ல டேக்குகளை அதிகம் கொல்வது. அவருக்கு மலை போலத் தெரிந்த தவறு ஃபிரேமில் இருந்தே இருக்காது.

டிரெட்மில் வீடியோ 17 முயற்சிகளில் தேறியது என்று சொல்லப்படுகிறது. அந்த எண்ணிக்கையைக் கேட்டு உற்சாகப்படுவதற்கு முன், அங்கே மீண்டும் அடுக்க வேண்டியது என்ன என்று யோசியுங்கள்: நான்கு பேர் பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் எல்லோரும் மானிட்டர் முன் கூட வேண்டாம். இயக்குநரும் கேமராக்காரரும் மட்டும் பார்க்கட்டும், மற்றவர்கள் அடுக்கட்டும். ஒரு டேக் தேறிவிட்டது என்று தோன்றினால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை பெரிய திரையில் பாட்டோடு ஓட்டி, ஃபோகஸ் பார்த்த பிறகே உடை மாற்ற விடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு டேக் எடுங்கள். கையில் ஒன்று இருக்கிறது என்ற நிம்மதியில் உடம்பு தளர்ந்து, முகத்தில் சிரிப்பு நிஜமாக வரும். கச்சிதமான டேக்குக்கும் உயிருள்ள டேக்குக்கும் இடையே தேர்வு என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன். பார்ப்பவர் எண்ணிக்கொண்டிருப்பது உங்கள் பட்டியலையல்ல.

படி 9: ஒட்டுப் போடலாமா?

இரண்டு டேக்குகளைத் தெரியாமல் இணைத்து ஒரே டேக் போலக் காட்டுவதுதான் ஒட்டு. தூய்மைவாதிகள் கூடாது என்பார்கள். அவசியமானால் போடலாம் என்பது என் கட்சி. 2016-ல் ஓகே கோ குழு எடையற்ற நிலையில் பறக்கும் விமானத்துக்குள் எடுத்த வீடியோவில், ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் எடையற்ற நிலை கிடைத்தது. இடைப்பட்ட நேரத்தில் குழுவினர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், அந்தப் பகுதிகள் பிறகு நீக்கப்பட்டன. கேமரா நிற்கவில்லை, ஆனால் படத்திலிருந்து நேரம் கழிந்திருக்கிறது. பார்த்தவர்கள் யாரும் ஏமாந்ததாக நினைத்ததாகத் தெரியவில்லை.

ஒட்டு வேண்டும் என்றால் திட்டத்திலேயே இடம் ஒதுக்குங்கள். இருண்ட வாசல், லென்ஸை முழுதாக மறைத்துக் கடக்கும் ஒரு முதுகு, தூண், வேகமான பேன் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது). பேனில் இரண்டு டேக்குகளிலும் திசையும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. பாட்டின் நடுவில் இப்படி ஒரு இடம் வைத்தால் 40 இடச் சிக்கல் இரண்டு 20 ஆகப் பிரிகிறது. 13 சதவீத வாய்ப்பு, பாதிக்கு 36 சதவீதமாக மாறுகிறது. ஒட்டைப் பயன்படுத்தாமலே முழு டேக் தேறினால் நல்லது.

எடிட்டில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். 4கே-யில் எடுத்து 1080-ல் வெளியிட்டால், குலுக்கலைச் சரிசெய்ய ஓரங்களை வெட்ட இடம் கிடைக்கும். உதடு தெரியாத பகுதிகளில் வேகத்தை 3 சதவீதம் வரை கூட்டிக் குறைத்து, தவறிய பீட்டைப் பிடித்துவிடலாம். கலர் கிரேடிங்குக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஒரே கிளிப் என்பதால் ஒரு அறைக்குப் போட்ட நிறம் அடுத்த அறைக்கு ஒத்துவராது, கேமரா நகர நகர கீஃபிரேம் போட்டு (எந்த இடத்தில் எந்த நிறம் என்று குறித்து) மாற்றிக்கொண்டே போக வேண்டும். தேறாத டேக்குகளையும் வீடியோ வெளியாகும் வரை அழிக்காதீர்கள். தேர்ந்தெடுத்த டேக்கில் ஓரத்தில் நுழைந்துவிட்ட ஒரு உதவியாளரின் கையை மறைக்க, அதே இடத்தின் சுத்தமான நான்கு ஃபிரேம்கள் இன்னொரு டேக்கில்தான் கிடைக்கும்.